மூன்று நாள் ஸ்டாலா, ஞாயிறு நடைபாதையா, கடை அலமாரியா? கோடையில் பின்னல் பொருள் விற்க எது சரி

பொங்கல் பானையை இறக்கி வைத்த கையோடு என் நாத்தனார் கேட்டுவிடுவாள்: "அண்ணி, இந்த வருஷமும் பாண்டியில ஸ்டால் போடுறோமா இல்லையா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா நூல் வாங்கிடலாம்." அவள் அவசரத்தில் நியாயம் இருக்கிறது. சித்திரையில் விற்க வேண்டிய சரக்கைத் தையிலேயே பின்னத் தொடங்கியாக வேண்டும். எங்கே விற்கப் போகிறோம் என்று தெரியாமல் என்ன பின்னுவது என்று முடிவு செய்யவும் முடியாது.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். நான் கான்வென்ட் பள்ளியின் தையல் வகுப்பில் குரோஷா என்ற கொக்கி ஊசிப் பின்னலைக் கற்றவள். நாத்தனாருக்கு நான் கற்றுக்கொடுத்தேன்; இப்போது மீன், நண்டு, ஆமை என்று சின்னச் சின்ன உருவங்களை என்னைவிட அழகாகப் பின்னுகிறாள். நான்கு வருடங்களில் ஐந்து வழிகளில் விற்றுப் பார்த்துவிட்டோம்: புதுச்சேரியில் கோடைக் கைவினைக் கண்காட்சி, அங்கேயே சண்டே மார்க்கெட், ஒயிட் டவுனில் ஒரு கடை, எங்கள் ஊர் சில்வர் பீச், பிறகு வீட்டிலிருந்தபடியே ஆர்டர். எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டில் கணக்கு இருக்கிறது. இதே யோசனையில் இருக்கும் பெண்கள் பலர் என்னிடம் கேட்பதால் அந்த நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கணக்கு போடும் முறை. விற்ற தொகையைப் பார்த்து மகிழ்ந்துபோவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு. நானும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன். நூல், அஸ்தர் துணி, எலாஸ்டிக், வாடகை, பஸ், சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதை, பின்னிய மணி நேரத்தோடு ஸ்டாலில் உட்கார்ந்த மணி நேரத்தையும் கூட்டி வகுத்துப் பாருங்கள். உட்கார்ந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் அதிகம். வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் உட்கார்கிறோம். அதுவும் நம் உழைப்புதான்.

100 கிராம் பருத்தி நூல் உருண்டை எனக்கு 140 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு தோள்பைக்கு இரண்டு உருண்டை, அஸ்தர் துணி 60 ரூபாய், ஆக 340. பின்ன ஏழு மணி நேரம். 750 ரூபாய்க்கு விற்றால் 410 நிற்கும், மணிக்கு 59 ரூபாய். முடி கட்டும் ஸ்க்ரஞ்சி வளையத்துக்கு நூலும் எலாஸ்டிக்கும் சேர்த்து 25 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். 80 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு 132. மீன் கீ செயினுக்கு வளையம், பஞ்சு எல்லாம் சேர்த்து 24 ரூபாய், முக்கால் மணி நேரம். விலை 120, மணிக்கு 128. டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டர் நான்கு கொண்ட செட்டில் மணிக்கு 88. பெண்கள் போடும் பருத்தி டாப் ஒன்றுக்கு முப்பது மணி நேரம் ஓடிவிடும். 2,200 ரூபாய் சொன்னால்கூட மணிக்கு 57தான். பெரிய பொருளில்தான் பெரிய லாபம் என்று நினைத்திருந்தேன். கணக்கு வேறு மாதிரி சொன்னது. இதெல்லாம் வாடகையும் உட்கார்ந்த நேரமும் சேராத கணக்கு என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கத்திரி வெயிலில் யார் வாங்குவார்கள்?

கோடையில் பின்னல் பொருள் விற்கிறேன் என்றாலே "ஸ்வெட்டரா?" என்று கேட்கிறார்கள். மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை கத்திரி. அந்த வெயிலில் உல்லன் என்ற சொல்லைக் கேட்டாலே வியர்க்கும். அக்ரிலிக் நூல் மலிவு, நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பொம்மைக்கும் கீ செயினுக்கும் அது போதும். உடம்பில் படுகிற எதையும் கோடையில் பருத்தியில்தான் பின்ன வேண்டும். விதிவிலக்கு பிறந்த குழந்தைக்கான தொப்பி. குழந்தை பார்க்கப் போகிறவர்கள் எந்த மாதத்திலும் அதை வாங்குவார்கள். அதையும் பருத்தியில் பின்னினால் பாட்டிமார்கள் தொட்டுப் பார்த்ததும் எடுத்துக்கொள்வார்கள்.

இதைவிட முக்கியமான வேறொன்று உண்டு. இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங்கும் ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னும் குரோஷாவும் சந்தையில் ஒன்றல்ல. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை 1589-லேயே செய்துவிட்டார். அன்றிலிருந்து நிட்டிங் இயந்திரத்தின் வேலை. நம் மாநிலத்திலேயே திருப்பூர் இருக்கிறது. பனியன் துணி முழுக்க இயந்திரத்தில் பின்னியதுதான். கையால் பின்னிய மேல்சட்டையை நீங்கள் மேசையில் வைத்தால், பார்ப்பவர் மனதில் அதன் பக்கத்தில் திருப்பூர் டீ-ஷர்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். குரோஷாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதை அப்படியே பின்னித் தரும் தொழிற்சாலை இயந்திரம் கிடையாது. கடையில் குரோஷா மாதிரித் தெரிவது இயந்திர வலையாக இருக்கும், இல்லையென்றால் எங்கோ ஒரு பெண் கையால் பின்னியதாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் எடுத்துச் சொல்லத் தெரிந்துகொண்டால் போதும், பாதி பேரம் அங்கேயே அடங்கிவிடும். அதனால் கோடை விற்பனைக்கு நாங்கள் நிட்டிங்கைத் தொடுவதில்லை.

கண்காட்சி ஸ்டால்

சென்ற வருடம் ஏப்ரல் கடைசி வாரத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் போட்டோம். ஸ்டால் வாடகை 4,500. பஸ், ஆட்டோ, சாப்பாடு 1,100. விற்றது 70 ஸ்க்ரஞ்சி, 45 கீ செயின், 14 கோஸ்டர் செட், 8 குழந்தைத் தொப்பி, 6 பை. டாப் ஒன்றுகூடப் போகவில்லை. கையில் வந்தது 21,380 ரூபாய். நூல், துணி எல்லாம் 6,494. வாடகையும் செலவும் போக 9,286 மிஞ்சியது. பின்னிய நேரம் 153 மணி. இரண்டு பேர் மூன்று நாள் உட்கார்ந்தது 54 மணி. வகுத்தால் மணிக்கு 45 ரூபாய் வருகிறது. இருபத்தோராயிரம் என்று கேட்ட சொந்தக்காரர்கள் அசந்துபோனார்கள். நாற்பத்தைந்து என்று சொன்னபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இருந்தாலும் ஐந்து வழிகளில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்த ஸ்டால்தான்.

சனிக்கிழமை மாலை ஒரு அம்மா வந்தார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும், மெல்லிய கஞ்சிபோட்ட புடவை. மற்றவர்கள் பையைத் தோளில் மாட்டிப் பார்ப்பார்கள். அவர் பையை எடுத்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பினார். அஸ்தரின் ஓரத்தைத் தூக்கி, நூல் முனைகளை எங்கே மறைத்திருக்கிறேன் என்று விரல் நுனியால் தடவித் தேடினார். ஒரு முனையை நகத்தால் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "எந்த கான்வென்ட்ல படிச்ச?" என்றார். நான் பள்ளியின் பெயரைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, பேத்திக்கு மே மாதம் தேவாலயத்தில் புதுநன்மைச் சடங்கு, வெள்ளை நூலில் லேஸ் வைத்த முக்காடு ஒன்று முடியுமா என்று கேட்டார். பை வாங்கவில்லை. ஆனால் அந்த ஒரு முக்காட்டைப் பார்த்துவிட்டு அதே தேவாலயப் பங்கிலிருந்து இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள்.

புதுச்சேரியில் இது உண்டு. கன்னியர் மடங்கள் பல தலைமுறையாகப் பெண்களுக்கு ஊசி வேலை கற்றுக்கொடுத்த ஊர் அது. ரொமேன் ரோலன் வீதியில் குளூனி சபைக் கன்னியர்களின் எம்பிராய்டரி மையத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். கைவேலையின் அருமை தெரிந்த கண்கள் அந்த ஊரில் அதிகம். ஸ்டாலில் உட்கார்ந்தால்தான் அந்தக் கண்கள் உங்கள் பொருள்மேல் படும்.

மற்ற கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து விலை பார்க்காமல் வாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் வருவது மார்கழி, தை, மாசியில். கோடையில் வருவது பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு வரும் நம் குடும்பங்களும், சனி ஞாயிறுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் இளசுகளும்தான். குடும்பத்தினர் 150 ரூபாய்க்குள் யோசிக்காமல் எடுப்பார்கள். 300-ஐத் தாண்டினால் கணவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். இளசுகளுக்கு மீனும் நண்டும் பிடிக்கும், பையைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். டாப்பைப் போட்டுப் பார்க்க இடம் இல்லாததால் யாரும் வாங்குவதில்லை. ஒரு டாப்பை மட்டும் உயரத்தில் மாட்டிவைத்தால் தூரத்திலிருந்து ஆள் இழுக்கும். அதற்குமேல் டாப் சுமந்து போவது வீண்.

விலை கேட்டுவிட்டு "நூல்தானேம்மா, 750 ரூபாயா?" என்பவர்கள் வருவார்கள். கோபப்படாதீர்கள், வாதாடவும் வேண்டாம். பாதி பின்னிய பை ஒன்று எப்போதும் மடியில் இருக்கட்டும். அவர் கேட்கும்போதே நான்கு கண்ணி போடுங்கள். ஒரு வட்டம் முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். சென்ற வருடம் விற்ற ஆறு பைகளில் நான்கு, நான் பின்னிக்கொண்டிருந்ததை நின்று பார்த்தவர்கள் வாங்கியவை. நாத்தனார் சும்மா உட்கார்ந்து கைப்பேசி பார்த்த நேரத்தில் கூட்டம் எங்களைத் தாண்டிப் போனதை நான் கவனித்திருக்கிறேன். அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு முந்தைய வருடம் நடந்ததை மறக்க முடியாது. கண்காட்சி நடத்தியவர்கள் எங்களுக்கு மேற்கு பார்த்த ஸ்டாலைக் கொடுத்துவிட்டார்கள். பிற்பகல் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை வெயில் நேராக மேசைமேல். நிற்க முடியாமல் வாடிக்கையாளர்கள் எதிர்வரிசைக்குப் போய்விட்டார்கள். ஊசி பிடித்த விரல்களில் வியர்வை. வெள்ளை நூல் சாம்பல் நிறமானது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், எல்லாம் ஒதுக்கியாகிவிட்டது என்றார்கள். அந்த வருடம் வாடகைக்கே சரியாகப் போயிற்று. அதன் பிறகு, முன்பணம் கொடுக்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி ஸ்டால் எந்தப் பக்கம் பார்த்தது என்பதுதான். இரண்டாவது, கூரை தகரமா துணிப்பந்தலா. மூன்றாவது, இரவு சரக்கை அங்கேயே பூட்டிவைக்க வழி உண்டா, இல்லை தினமும் கடலூருக்கும் பாண்டிக்கும் மூட்டை தூக்க வேண்டுமா.

சிவப்பு நூலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈர வெள்ளைக் கைக்குட்டையை அந்த நூல்மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துளி சாயம் ஒட்டினாலும் அந்த நூலில் பை பின்னாதீர்கள். கோடையில் தோளில் வியர்வை பட்டு, வாங்கியவரின் வெள்ளைச் சட்டையில் சாயம் இறங்கினால் அவர் மறுபடி வரமாட்டார்.

சண்டே மார்க்கெட்

மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையைப் பாண்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் துணி மலிவாக வாங்க வருகிற கூட்டம். பக்கத்திலேயே இயந்திரத்தில் செய்த ஸ்க்ரஞ்சி பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்போது நம் 80 ரூபாய் எடுபடாது. ஒரே ஒரு ஞாயிறு உட்கார்ந்தோம். ஸ்க்ரஞ்சியை 50 ரூபாய்க்கு இறக்கி 25, கீ செயினை 100-க்கு இறக்கி 9, மொத்தம் 2,150. நூலும் பஸ் செலவும் போக மிஞ்சியதை, பின்னிய நேரம், இரண்டு பேர் ஒன்பது மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தது எல்லாம் சேர்த்து வகுத்தால் மணிக்கு 29 ரூபாய். இன்னொன்று, அன்று 50 ரூபாய்க்கு வாங்கிய பெண் பிறகு கண்காட்சியில் எங்களைப் பார்த்து, "அக்கா, அங்க அம்பது ரூபாய்க்குத்தானே குடுத்தீங்க?" என்றாள். அவள் கேட்டது நியாயம். ஒரு ஊரில் ஒரு பொருளுக்கு ஒரு விலைதான் இருக்க முடியும்.

கடையில் கொடுத்து வைப்பது

காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஒயிட் டவுனில் ஒரு கடை. 1,200 ரூபாய் என்று விலைச்சீட்டு போடுவார்கள், நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு, 720 நமக்கு. பையில் 380 நிற்கும், மணிக்கு 54. நாம் உட்கார வேண்டியதில்லை, வெயில் இல்லை, பேரம் இல்லை.

ஒரு மாசியில் ஆறு பை கொடுத்தேன். ஐந்து மாதத்தில் நான்கு விற்றது. இரண்டு திரும்பி வந்தது. காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்திருக்கிறார்கள். நீலப் பையின் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் நீலமாகவே இருந்தது. மூக்கருகே வைத்தால் அஸ்தரில் பூஞ்சை வாடை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடை, ஈரக்காற்று. பருத்தி அதைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி நேரம் பின்னியதை யாரோ ஐந்து மாதம் தொடாமலேயே விட்டிருக்கிறார்கள். நான்கு பைக்கு வந்த 2,880 ரூபாயில் ஆறு பையின் செலவைக் கழித்தால் 840. அதை 42 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு இருபது ரூபாய். பணம் வந்தது ஆவணியில்.

அதற்காகக் கடையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பைக்கும் மேசை விரிப்புக்கும் கடைதான் பொருத்தம். அங்கே 1,200 ரூபாய் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் எழுதி வாங்குங்கள். மாதம் முடிந்ததும் கணக்கு, அறுபது நாளில் விற்காதது திரும்ப, வெயில் படும் இடத்தில் மாட்டக் கூடாது, கெட்டுப்போனால் பொருட்செலவு கடையுடையது. ஒரு தாளில் இரண்டு கையெழுத்து போதும். இதற்குச் சம்மதிக்கும் கடையில் மூன்று பை மட்டும் கொடுத்துப் பாருங்கள். முழுப் பணமும் கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கடை கிடைத்தால், 1,200 விலைச்சீட்டுக்கு 600 கொடுத்தாலும் சம்மதிப்பேன்.

சில்வர் பீச் மாலை

கோடையில் விழா நடக்கும் நாட்களில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கடை போட்டோம். மாலை நாலரைக்குப் போய் ஒன்பதரைக்கு வீடு திரும்பினோம். இடத்துக்கு 300, ஆட்டோவுக்கு 150. 70 ரூபாய்க்கு 22 ஸ்க்ரஞ்சி, 100 ரூபாய்க்கு 18 கீ செயின். கணக்குப் போட்டதும் எனக்கே ஆச்சரியம்: மணிக்கு 58 ரூபாய். மூன்று நாள் பாண்டி ஸ்டாலைவிட அதிகம். காரணம் எளிது. வாடகை குறைவு, வீடு பக்கம், உட்காரும் நேரம் ஐந்து மணிதான், கடல்காற்று வந்த பிறகே வேலை. குறை என்னவென்றால், அங்கே பெரிய பொருள் எதுவும் நகராது. பஜ்ஜி எண்ணெய்க் கையோடு குழந்தைகள் தொடுவார்கள். ஈரத் துணி ஒன்றும் காய்ந்த துணி ஒன்றும் மேசை ஓரத்தில் வையுங்கள். மணல் கண்ணிக்குள் ஏறிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் உதற வேண்டும். ஆர்டர் கொடுப்பவர் ஒருவர்கூட வரவில்லை. விழா நடந்தால்தான் இதெல்லாம், நடக்காத வருடம் இந்த வழியே இல்லை. பாண்டியில் இருப்பவர்கள் இதே கணக்கைத் தங்கள் பீச்சுக்குப் போட்டுப் பார்க்கலாம். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் நிதானமாகப் பார்ப்பார்கள். ஆனால் அனுமதி இல்லாமல் விரித்து உட்காராதீர்கள், சரக்கோடு எழுப்பிவிடுவார்கள்.

ஆர்டர்

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் கண்காட்சிக் கணக்கை அவ்வளவு நீட்டி எழுதினேன். சென்ற வருட ஸ்டாலுக்குப் பிறகு இரண்டு மாதத்தில் பதினான்கு ஆர்டர் வந்தது. ஏழு பை, மூன்று குழந்தை செட், மூன்று முக்காடு, ஒரு டாப். கேட்ட நிறத்தில் பின்னுவதால் பைக்கு 850, டாப்புக்கு 2,800. கூரியர் செலவு அவர்களுடையது. பையில் மணிக்கு 73 ரூபாய், டாப்பில் 77. ஸ்டாலில் தொங்கிக்கொண்டே இருந்த அதே டாப். அளவு எடுத்துப் பின்னினால் வாங்க ஆள் இருந்திருக்கிறது.

எங்கிருந்து வந்தார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிவைத்தேன். பதினான்கில் பத்து பேர், ஸ்க்ரஞ்சியில் கட்டியிருந்த சின்ன அட்டையைப் பார்த்து வாட்ஸ்அப்பில் வந்தவர்கள். நாத்தனார் செய்த அட்டை அது: ஒரு பக்கம் எங்கள் எண், மறுபக்கம் "குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் படுக்கவைத்து உலர்த்தவும்". 80 ரூபாய்ப் பொருளைத் தினமும் தலையில் போட்டுக்கொள்கிறார்கள், அது அவர்கள் கண்ணாடி முன்னால் கிடக்கிறது. அந்த அட்டை கிழிந்துபோகாமல் எத்தனை வீட்டில் இருக்கிறதோ அத்தனை வீட்டில் எங்கள் கடை இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் மட்டும் ஆரம்பித்தால் போதாதா என்று கேட்பார்கள். என் அனுபவத்தில், தொடாமல் வாங்குபவர்கள் விலையைத்தான் பார்க்கிறார்கள். ஒருமுறை தொட்டவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பாதிப் பணம் முன்னதாக வாங்காமல் ஊசியைத் தொடாதீர்கள். உறவாக இருந்தாலும்.

எல்லையும் காகிதமும்

கடலூர்ப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். பஸ்ஸில் முக்கால் மணி நேரப் பயணம், ஆனால் ஜி.எஸ்.டி. சட்டத்தில் அது வேறு மாநிலத்தில் போய் விற்பது மாதிரி. சரக்கு விற்பவருக்குப் பதிவு தேவைப்படாத ஆண்டு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். நம் விற்பனை அந்தப் பக்கமே போகாது. ஆனால் எல்லை கடந்து விற்பவருக்கு இந்த வரம்புச் சலுகை பொதுவாகக் கிடையாது. கைவினைப் பொருள்களுக்குத் தனி விலக்கு உண்டு. அதற்கு பான் எண்ணும், சரக்கு எடுத்துப் போவதற்கான இ-வே பில் சீட்டும் வேண்டும், பொருளும் அரசு அறிவிக்கையின் பட்டியலில் இருக்க வேண்டும். ஸ்டாலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் பொருள்களின் பெயரைச் சொல்லி ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

பொம்மை பின்னுபவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு இருக்கிறது. அதனால் கைவினைஞர் அடையாள அட்டை இல்லாமல் பொம்மையை மேசையில் வைக்காதீர்கள். அட்டை இருந்தாலும், கண்ணுக்கு மணி தைக்காமல் நூலாலேயே பின்னுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை பொம்மையைக் கையில் வாங்கியதும் வாயில்தான் வைக்கும், முதலில் கடிப்பது கண்ணைத்தான்.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில், குழுக்கள் கல்லூரிக்குள் கடை போட்டு விற்கும் கல்லூரிச் சந்தை பற்றிக் கேளுங்கள். கோடையில் கல்லூரிகள் மூடியிருக்கும், அதனால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. திறந்த பிறகு, கீ செயினுக்கும் ஸ்க்ரஞ்சிக்கும் அதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர்கள் இல்லை.

இந்த வருடம் நாத்தனாரிடம் சொன்னது இதுதான். பாண்டி ஸ்டால் உண்டு, கத்திரி தொடங்குவதற்கு முன்பு, ஒரே ஒரு முறை. 100 ஸ்க்ரஞ்சி, 60 கீ செயின், 15 கோஸ்டர் செட், 10 தொப்பி. பை நான்கு நிறத்தில் நான்கே நான்கு, பார்த்து ஆர்டர் கொடுக்க. டாப் ஒன்று, உயரத்தில் மாட்ட. மாதிரிக்கு வெள்ளை லேஸ் ஒரு முழம், புதுநன்மைக்குக் கேட்பவர்களுக்குக் காட்ட. சண்டே மார்க்கெட் வேண்டாம். சில்வர் பீச்சில் விழா வந்தால் மிச்சச் சரக்கு அங்கே, ஸ்க்ரஞ்சி அதே 80 ரூபாய்க்கு. போன முறை 70-க்குக் கொடுத்தது தவறு. கடைக்கு மூன்று பை, தாளில் கையெழுத்து போட்டால் மட்டும்.

அவள் கேட்டுக்கொண்டே விரலில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "சரி அண்ணி, ஸ்டாலுக்கு நானே போன் பண்றேன். கிழக்கு பார்த்தது இருந்தா அட்வான்ஸ் போட்டுடட்டுமா?" என்றாள். மதியம் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று அங்கே ஏற்கெனவே கடை போட்ட யாரிடமாவது கேட்டுவிட்டுப் போடு என்றேன்.